ராணா பிளாசாவுக்குப் பிறகு: ஒரு பாதுகாப்பு உடன்படிக்கை எப்படி வேலை செய்தது, எங்கே தடுமாறியது

2013 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தின் தூண்களிலும் சுவர்களிலும் விரிசல் விழுந்தது. பார்வையிட வந்த பொறியாளர் உள்ளே ஆள் இருக்கக் கூடாது என்றார். கீழே இருந்த வங்கிக் கிளை ஊழியர்களை அனுப்பிவிட்டது, கடைகள் மூடின. மேல் தளங்களில் இருந்த ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் மட்டும் மறுநாள் காலை ஆட்களை வரச் சொல்லின. தயங்கி வெளியே நின்றவர்களிடம் அந்த மாதச் சம்பளம் கிடைக்காது என்று சொல்லப்பட்டது. காலை ஒன்பது மணிக்குச் சற்று முன் மின்சாரம் போனது. மேலே இருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. சிறிது நேரத்தில் கட்டடம் முழுதும் உட்கார்ந்தது. 1,130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறக்குறைய 2,500 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள், அவர்களில் பலர் கை கால் இழந்திருந்தார்கள்.

கட்டடம் ஏன் விழுந்தது என்பதில் பெரிய மர்மம் இல்லை. அரசு அமைத்த விசாரணைக் குழு ஒரு மாதத்துக்குள் காரணங்களை வரிசையாகச் சொல்லிவிட்டது. நிலத்தின் ஒரு பகுதி தூர்க்கப்பட்ட நீர்நிலை. கம்பியும் சிமெண்டும் தரமில்லாதவை. அனுமதித்ததற்கு மேல் மாடிகள் ஏற்றப்பட்டிருந்தன, ஒன்பதாவதும் எழும்பிக்கொண்டிருந்தது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் திட்டமிட்ட கட்டடத்தில் தையல் இயந்திரங்கள், துணிச் சுருள்கள், ஜெனரேட்டர்கள், ஆயிரக்கணக்கான ஆட்கள் என்று பாரம் ஏறியிருந்தது. அந்தப் பாரத்தோடு ஜெனரேட்டரின் அதிர்வும் சேர்ந்தது.

இதே சாவாரில் 2005 ஏப்ரலில் ஸ்பெக்ட்ரம் என்ற ஒன்பது மாடித் தொழிற்சாலை இடிந்து 64 பேர் இறந்திருந்தார்கள். அதுவும் சதுப்பு நிலம், அதுவும் அனுமதியற்ற மாடிகள். அதனால் இந்த ஆய்வில் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 2005-க்குப் பிறகு மாறாத ஒன்று 2013-க்குப் பிறகு எப்படி மாறியது? நாடுகள், நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள் எல்லாம் சேர்ந்து செய்த எத்தனையோ ஏற்பாடுகளில் எது பலன் கொடுத்தது, எது பாதியில் நின்றது, ஏன்?

தணிக்கை எதைப் பார்க்கவில்லை

ராணா பிளாசாவில் இருந்த ஐந்தில் இரண்டு தொழிற்சாலைகளில் ஏற்கெனவே சமூகத் தணிக்கை நடந்திருந்தது. திருப்பூரில் பையர் ஆடிட் என்று சொல்வார்களே, அதே வகை. சம்பளப் பதிவேடு, வயதுச் சான்று, மிகுநேரக் கணக்கு, தீயணைப்பான் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்க்கும் தணிக்கை அது. தூணுக்குள் எத்தனை கம்பி இருக்கிறது என்று பார்ப்பது அதன் வேலையே இல்லை. பாகிஸ்தானில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் தொழிற்சாலைக்கு 2012 ஆகஸ்டில் பன்னாட்டுத் தரச் சான்று கிடைத்தது. செப்டம்பர் 11 அன்று அங்கே தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி அடித்திருந்தது, வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன.

2012 நவம்பர் 24-இல் டாக்காவுக்கு அருகே தஸ்ரீன் ஃபேஷன்ஸ் எரிந்தபோது நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே படிக்கட்டுகள் மூன்று இருந்தன. மூன்றும் தரைத்தளக் கிடங்கிலேயே போய் முடிந்தன, தீ பிடித்ததும் அந்தக் கிடங்கில்தான். படிக்கட்டின் எண்ணிக்கையை மட்டும் குறிக்கும் படிவத்தில் இந்தத் தொழிற்சாலை தேறிவிடும். படிக்கட்டு எங்கே போய் இறங்குகிறது என்று பார்க்கப் பொறியாளர் வேண்டும்.

தணிக்கைக்குப் பணம் கொடுப்பது ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனமோ தைத்துக் கொடுக்கும் தொழிற்சாலையோதான். அறிக்கையும் அவர்களிடமே போகும். உள்ளே வேலை செய்கிறவருக்கு அதில் ஒரு வரிகூடத் தெரியாது. குறை கண்டால் சரிசெய்ய யார் செலவழிப்பது என்ற பேச்சே கிடையாது. இடிந்த கட்டடத்தின் ஐந்து தொழிற்சாலைகளில் ஒன்றிலும் தொழிற்சங்கம் இல்லை. அன்று காலை வாசலில் நின்றவர்கள் ‘உள்ளே போகமாட்டோம்’ என்று கூட்டாகச் சொல்ல ஓர் அமைப்பு இருந்திருந்தால் பெரும்பாலோர் பிழைத்திருப்பார்கள் என்றே நம்புகிறோம்.

காகிதம் முன்பே தயார்

விபத்து நடந்து மூன்று வாரத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது என்று பலரும் எழுதுகிறார்கள். முழுக் கதை அப்படி இல்லை. 2010 டிசம்பரில் டாக்காவுக்கு அருகே ஆஷுலியாவில் ஒரு தொழிற்சாலை எரிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகே தொழிற்சங்கங்களும் தொழிலாளர் உரிமை அமைப்புகளும் வரைவை எழுதத் தொடங்கின. 2011-இல் டாக்காவில் நடந்த கூட்டத்தில் நிறுவனங்களின் முன் அதை வைத்தார்கள். செலவு கட்டுபடியாகாது என்று பெரிய நிறுவனங்கள் ஒதுங்கின. 2012-இல் அமெரிக்காவின் பிவிஎச் நிறுவனமும் ஜெர்மனியின் சிபோ நிறுவனமும் மட்டும் கையெழுத்திட்டன. குறைந்தது நான்கு நிறுவனங்கள் சேர்ந்தால்தான் நடைமுறைக்கு வரும் என்று நிபந்தனை இருந்ததால் அது அப்படியே கிடந்தது.

ராணா பிளாசா இடிந்ததும் அந்த வரைவை விரித்து எழுதி, 2013 மே 15 நள்ளிரவைக் கெடுவாக வைத்தார்கள். மே 13-இல் எச் அண்ட் எம், இண்டிடெக்ஸ் ஆகிய இரு பெரிய நிறுவனங்கள் ஒப்புக்கொண்டதும் மற்றவை பின்னாலேயே வந்தன. போகப்போக 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்களும் ஏறக்குறைய 1,600 தொழிற்சாலைகளும் அதன் கீழ் வந்தன. அவற்றில் வேலை செய்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். உலகத்தின் கண் ஓர் ஊர் மீது விழும் காலம் சில வாரங்கள்தான். அதற்குள் வாக்கியங்களைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு முந்தைய இரண்டாண்டு உழைப்பு அந்த வாரங்களில்தான் பயன்பட்டது.

உடன்படிக்கையின் உறுப்புகள்

பங்களாதேஷ் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கை என்பது முழுப்பெயர். டாக்காவில் எல்லோரும் அக்கார்டு என்றே சொல்வார்கள். ஒரு பக்கம் ஆடை நிறுவனங்கள், மறுபக்கம் இண்டஸ்ட்ரிஆல், யூனி என்ற இரு உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் பங்களாதேஷ் சங்கங்களும். நிறுவனங்களுக்கு மூன்று இடம், சங்கங்களுக்கு மூன்று இடம், நடுநிலைத் தலைவராகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பிரதிநிதி என வழிநடத்தும் குழு அமைந்தது. வாக்கு சமமாக இருந்ததே இதற்கு முந்தைய எல்லா ஏற்பாடுகளிலிருந்தும் இதைப் பிரித்தது.

பணம் முதலில். ஒவ்வொரு நிறுவனமும் பங்களாதேஷில் வாங்கும் அளவுக்கு ஏற்ப ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். உச்சவரம்பு ஆண்டுக்கு 5 லட்சம் டாலர், ஐந்தாண்டுக்கு. ஆய்வு, பயிற்சி, பொறியாளர் சம்பளம் எல்லாம் இதிலிருந்து. தொழிற்சாலையைச் சரிசெய்யும் செலவு இதில் வராது. அதைத் தொழிற்சாலை தாங்கக்கூடிய வகையில் வணிக நிபந்தனைகளை அமைப்பது நிறுவனத்தின் கடமை என்று ஒரு பிரிவு சொல்லியது. விலையைக் கூட்டலாம், கடன் கொடுக்கலாம், நேரடியாகச் செலவை ஏற்கலாம். எது, எவ்வளவு என்று பிரிவு சொல்லவில்லை. பின்னால் தகராறு முளைத்ததும் இந்த இடத்தில்தான்.

தொழிற்சாலைகளை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். நிறுவனம் அந்த நாட்டில் வாங்குவதில் குறைந்தது 30 சதவீதத்தைத் தரும் தொழிற்சாலைகள் முதல் அடுக்கு. இங்கே ஆய்வு, திருத்தம், பயிற்சி மூன்றும் உண்டு. நீண்டகாலமாகவோ பெரிய அளவிலோ தரும் மற்றவை இரண்டாம் அடுக்கு. அங்கே ஆய்வும் திருத்தமும். எப்போதாவது ஆர்டர் போகும் இடங்கள் மூன்றாம் அடுக்கு, அவற்றுக்கு முதல் ஆய்வு மட்டும். முதல் இரண்டாண்டு ஆர்டர் அளவைக் குறைக்கக் கூடாது என்றும் விதி இருந்தது. இல்லாவிட்டால் குறை கண்டவுடன் நிறுவனம் மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விடும், பாதிப்பு முழுதும் தொழிலாளி தலையில் விழும்.

ஆய்வு முடிந்த இரு வாரத்தில் அறிக்கை தொழிற்சாலைக்கும் நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் போகும். ஆறு வாரத்துக்குள் திருத்தத் திட்டத்தோடு பொதுவெளியில் வரும். தொழிற்சாலையின் பெயர், ஒவ்வொரு குறை, கெடு, இன்று எந்த நிலை என்பதெல்லாம் யாரும் இணையத்தில் பார்க்கலாம். திருத்தத்துக்காகக் கட்டடத்தை மூடினால் ஆறு மாதம் வரை தொழிலாளியின் வேலையும் சம்பளமும் தொடர வேண்டும். ஆபத்து என்று நியாயமாக நம்பினால் உள்ளே போக மறுக்கலாம், அதற்காகச் சம்பளம் பிடிக்க முடியாது. இந்தக் கடைசி உரிமை ஏப்ரல் 24 காலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் அச்சாணி தகராறுப் பிரிவு. நிறுவனம் கடமை தவறினால் வழிநடத்தும் குழு 21 நாளில் முடிவு சொல்லும். ஏற்காதவர் நடுவர் மன்றம் போகலாம். நடுவர் தீர்ப்பை நிறுவனத்தின் சொந்த நாட்டு நீதிமன்றத்திலேயே நிறைவேற்றலாம். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்பதற்கான 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்பாட்டைப் பயன்படுத்தியே இது சாத்தியமானது. வணிகர்கள் ஒருவரிடம் ஒருவர் பாக்கி வசூலிக்க உருவாக்கிக்கொண்ட கருவியைத் தொழிலாளர் பாதுகாப்புக்குத் திருப்பியது இந்த உடன்படிக்கையின் மிகச் சிறந்த யோசனை என்பது எங்கள் கருத்து.

ஆய்வாளர் உள்ளே போனபோது

கட்டமைப்பு, தீ, மின்சாரம் என மூன்று தனித்தனி ஆய்வுகள். 2014 செப்டம்பருக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் முதல் சுற்று முடிந்தது. 80,000-க்கும் மேற்பட்ட குறைகள் பதிவாயின. குறையே இல்லாத தொழிற்சாலை என்று ஒன்றும் அகப்படவில்லை.

கட்டமைப்பில் முதல் கேள்வி தூண். வரைபடம் இருந்தால் வரைபடத்தோடு ஒப்பிடுவார்கள். பெரும்பாலும் வரைபடம் இருக்காது, அல்லது வரைபடத்தில் ஐந்து மாடியும் கண்ணெதிரே ஏழு மாடியும் இருக்கும். கம்பி அறியும் கருவியால் தூணுக்குள் கம்பிகளின் இடைவெளியைப் பார்க்கலாம். காங்கிரீட்டின் வலுவுக்குத் துளைபோட்டு உருளை மாதிரி எடுக்க வேண்டும். பங்களாதேஷில் கருங்கல் அரிது என்பதால் செங்கல்லை உடைத்த ஜல்லியையே காங்கிரீட்டில் போடுகிறார்கள். அதன் வலுவைக் கருங்கல் ஜல்லிக்கு உரிய கணக்கில் எடுத்துக்கொண்டால் தப்பாகும். சந்தேகம் வந்தால் விரிவான பொறியியல் மதிப்பீடு செய்யச் சொல்வார்கள், வழக்கமாக ஆறு வாரக் கெடுவில். இடையில் உடனடியாகச் செய்ய வேண்டியது பாரத்தைக் குறைப்பது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்வது, துணிச் சுருளையும் அட்டைப்பெட்டியையும் தரைத்தளத்துக்கு இறக்குவது, எந்தத் தளத்தில் எவ்வளவு எடை வைக்கலாம் என்று தரையிலேயே கோடு போட்டு எழுதிவைப்பது. செலவு மிகக் குறைவு. ஆனால் ஷிப்மெண்ட் நெருங்கும் வாரத்தில் அட்டைப்பெட்டி மறுபடி மாடி ஏறிவிடும். திடீர் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட தவறு இது.

நிலைமை மோசம் என்றால் பொறியாளர் அன்றே வெளியேற்றப் பரிந்துரைப்பார். அரசு அமைத்த நிபுணர் குழு கூடி முடிவெடுக்கும். தூணைச் சுற்றிக் கம்பி கட்டிக் காங்கிரீட் சட்டை போடுவது வழக்கமான மருந்து. அதை எல்லாத் தளத்திலும் செய்ய வேண்டும், செய்யும்போது அந்தப் பகுதியில் இயந்திரம் ஓடக் கூடாது. உற்பத்தி நிற்கும் நாட்களின் இழப்பு பல சமயம் கம்பி சிமெண்ட் செலவைவிடப் பெரிது.

தீயில் பொதுவான குறை மிக எளிமையானது: பூட்டுப்போடும் கதவு. துணி திருட்டுப் போகாமல் இருக்க மடக்கு இரும்புக் கதவைப் போட்டுப் பூட்டுவார்கள். அதைக் கழற்ற ஒரு மணிநேரம் போதும், முதலில் சரியானதும் அதுவே. அடுத்தது திறந்த நடுப் படிக்கட்டு. தீப்பிடித்தால் அது புகைபோக்கியாகிவிடும், கீழே எரிந்தால் மேலே மூச்சுத்திணறும். படிக்கட்டைச் சுவரால் அடைத்து, குறித்த நேரம் தீயைத் தாங்கும் என்று சோதித்துச் சான்றளித்த கதவு வைக்க வேண்டும். அந்தத் தரக் கதவு அப்போது உள்நாட்டில் கிடைக்கவில்லை. இறக்குமதி செய்ய மாதங்கள் ஆயின. சிலர் உள்ளூர் இரும்புக் கதவுக்குச் சிவப்புச் சாயம் பூசி மாட்டினார்கள், அடுத்த ஆய்வில் கழற்ற வேண்டியதாயிற்று. கதவு சரியாக இருந்தும் சட்டகத்துக்கும் சுவருக்கும் இடையே விட்ட இடைவெளியால் தோற்றவையும் உண்டு.

எச்சரிக்கை மணி அமைப்பும், தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானே நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரும்தான் கடைசிவரை இழுத்தன. உயரமான கட்டடத்துக்கு ஸ்பிரிங்க்ளர் வைக்கவேண்டுமென்றால் பம்பு, தனி நீர்த்தொட்டி, வடிவமைப்பாளர், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒப்புதல் என்று வேலை நீளும். நிறுவும் ஒப்பந்தக்காரர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில் இருந்தார்கள், ஆயிரம் தொழிற்சாலையும் ஒரே நேரத்தில் அவர்களைத் தேடின. ஐந்தாண்டு முடிந்தபோது முதல் ஆய்வில் கண்ட குறைகளில் எண்பது சதவீதத்துக்கு மேல் சரியாகியிருந்தும், ஒரு குறையும் மிச்சமில்லாத தொழிற்சாலைகள் சிறுபான்மையாகவே இருந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

மின்சாரத்தில் சுவிட்ச் பெட்டிக்குள் படியும் பஞ்சுத்தூசு, தளர்ந்த இணைப்பு, தாங்கக்கூடியதற்கு மேல் சுமையேற்றிய கம்பி. மலிவாகச் சரியாகும், மலிவாகவே திரும்பவும் கெடும். வெப்பப் படக்கருவியால் ஆண்டுதோறும் பார்த்தால்தான் நிலைக்கும்.

ஒன்றை விட்டுவிட்டார்கள். 2017 ஜூலையில் காஜிபூரில் கொதிகலன் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்கார்டு ஆய்வுப் பட்டியலில் இருந்த தொழிற்சாலைதான் அது. கொதிகலன் அரசின் தனித் துறையின் கீழ் வருவதால் உடன்படிக்கையின் வரம்புக்குள் அது இல்லை. அதன் பிறகுதான் கொதிகலன் ஆய்வையும் சேர்த்தார்கள். எழுதிய வரம்புக்குள் கறாராக வேலை செய்யும் அமைப்பு வரம்புக்கு வெளியே இருக்கும் ஆபத்தைக் கவனிக்காது. வரம்பை எழுதும் மேசையிலேயே தொழிற்சாலைத் தளம் தெரிந்தவர்கள் உட்கார வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

ஹேக் நகரத்துக்குப் போன வழக்கு

2016-இல் இரு உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் இரண்டு ஆடை நிறுவனங்கள் மீது நடுவர் வழக்குத் தொடுத்தன. நெதர்லாந்தின் ஹேக்கில் உள்ள நிரந்தர நடுவர் தீர்ப்பாயம் வழக்கின் நிர்வாக வேலைகளைப் பார்க்கும் பதிவகமாகச் செயல்பட்டது. தங்களுக்குத் தைக்கும் தொழிற்சாலைகளைக் கெடுவுக்குள் திருத்தவைக்கவில்லை, திருத்தம் கட்டுபடியாகும்படி நிபந்தனை பேசவில்லை என்பவை குற்றச்சாட்டுகள். நிறுவனங்களின் பெயரை வெளியிடக் கூடாது என்று நடுவர்கள் உத்தரவிட்டார்கள். வழக்கை ஏற்கலாமா என்ற வாதமே ஓராண்டு போல ஓடியது. ஏற்கலாம் என்று 2017 செப்டம்பரில் முடிவானது. அந்த டிசம்பரில் ஒரு நிறுவனமும் 2018 ஜனவரியில் மற்றதும் சமரசத்துக்கு வந்தன. இரண்டாவது சமரசத் தொகை 23 லட்சம் டாலர். அதில் 20 லட்சம் தொழிற்சாலைத் திருத்தத்துக்கு, 3 லட்சம் தொழிலாளர் ஆதரவு நிதிக்கு.

இரு வழக்கு மட்டும்தானே என்று சிலர் கேட்பார்கள். வழக்குப் போட முடியும் என்று தெரிந்ததாலேயே மற்ற நிறுவனங்கள் தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதின, கெடு கேட்டன, சில இடங்களில் கடன் கொடுத்தன. குறையும் உண்டு. நடுவர் மன்றச் செலவு அதிகம், நடைமுறை விதி ஒவ்வொன்றையும் புதிதாக வாதாட வேண்டியிருந்தது, தீர்ப்பு வரைக்கும் போகாததால் ‘கட்டுபடியாகும் நிபந்தனை’ என்றால் என்ன என்று யாரும் வரையறுக்கவில்லை.

இதே காலத்தில் வால்மார்ட், கேப் உள்ளிட்ட வட அமெரிக்க நிறுவனங்கள் அல்லயன்ஸ் என்ற தனி ஏற்பாட்டைத் தொடங்கின. அதுவும் நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகளில் தரமான பொறியியல் ஆய்வு செய்தது, அதை மறைக்கக் கூடாது. அங்கே தொழிற்சங்கம் கையெழுத்திட்ட தரப்பு அல்ல. உறுப்பினர் கடமை தவறினால் தொழிலாளி தரப்பு போகக்கூடிய மன்றமும் இல்லை. இவ்விரண்டிலும் சேராத, நேரடி ஏற்றுமதி குறைந்த சுமார் 1,500 தொழிற்சாலைகள் அரசுத் திட்டத்தின் கீழ் வந்தன. ஆய்வு நடந்தது, திருத்தம் நகரவில்லை. செலவைப் பகிர்ந்துகொள்ள நிறுவனமும் இல்லை, கெடு தவறினால் ஆர்டர் போகும் என்ற அச்சமும் இல்லை.

இழப்பீடு: பிச்சையா, கணக்கா

இறந்தவர் குடும்பத்துக்கு அப்போதைய பங்களாதேஷ் தொழிலாளர் சட்டம் சொன்ன தொகை ஒரு லட்சம் டாகா (அந்நாட்டு நாணயம்). நிரந்தர ஊனத்துக்கு ஒன்றேகால் லட்சம். இருபது வயதுப் பெண்ணின் வாழ்நாள் உழைப்புக்கு அதுதான் விலை. 2013 இறுதியில் அரசு, முதலாளிகள், சங்கங்கள், சில நிறுவனங்கள் சேர்ந்து வேறு வழி கண்டன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 121-ஆவது உடன்பாட்டை அளவுகோலாக வைத்தார்கள். அந்த உடன்பாடு இறந்த தொழிலாளியின் மனைவிக்கும் இரு குழந்தைகளுக்கும் முந்தைய சம்பளத்தில் 50 சதவீதமும், முழு ஊனமானால் 60 சதவீதமும் மாதந்தோறும் வரவேண்டும் என்கிறது. அந்த மாதத் தொகையை ஆயுட்காலத்துக்குக் கணக்கிட்டு ஒரே தொகையாக்கினார்கள். ஊனத்தின் அளவை மருத்துவர்கள் குறித்தார்கள். 2,800-க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வந்தன. உடல் கிடைக்காதவர்களின் குடும்பங்கள் மரபணுச் சோதனை முடிவுக்குக் காத்திருந்தன. ஏற்கெனவே பிரதமர் நிதியிலிருந்து பெற்றது கழிக்கப்பட்டது. எதைக் கழிப்பது என்பதில் மனக்கசப்பு வந்தது இயல்பே.

கணக்கு இத்தனை நுணுக்கம். பணமோ நன்கொடை. தேவை 3 கோடி டாலர். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிர்வாகத்தில் 2014 ஜனவரியில் நிதி திறந்தது. யாரும் எவ்வளவும் போடலாம், போடாமலும் இருக்கலாம். முதலாமாண்டு நினைவு நாளில் பாதிகூட வரவில்லை. கிடைத்ததைத் தவணையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கும் வாடகைக்கும் கடன் வாங்கியிருந்த குடும்பங்களுக்குத் தவணைப் பணம் வட்டிக்கே போனது. 2015 ஜூனில், பெயர் சொல்லாத ஒருவர் கொடுத்த பெரிய தொகையால்தான் கணக்கு முழுமையானது. இரண்டு ஆண்டுக்கும் மேல். பாதுகாப்புக்குக் கையெழுத்து வாங்கியவர்கள் இழப்பீட்டுக்கும் அப்போதே வாங்கியிருக்க வேண்டும் என்பதே எங்கள் வலுவான எண்ணம். மே மாதம் இருந்த அழுத்தம் டிசம்பரில் இல்லை.

நீதிமன்றங்கள் இதைவிட மெதுவாகப் போயின. கட்டட உரிமையாளர் சோஹெல் ராணா இந்திய எல்லையருகே பெனாபோலில் 2013 ஏப்ரல் 28-இல் பிடிபட்டார். 2017-இல் சொத்துக்கணக்கு காட்டாததற்கு மூன்றாண்டு தண்டனை பெற்றார். கொலை வழக்கு பத்தாண்டு தாண்டியும் தீர்ப்புக்கு வரவில்லை. கனடாவில் லாப்லா என்ற சில்லறை வணிக நிறுவனத்தின் மீது பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கை ஒண்டாரியோ நீதிமன்றம் 2017-இல் தள்ளியது. சம்பவம் நடந்தது பங்களாதேஷில், ஆகவே அந்நாட்டுச் சட்டமே பொருந்தும், அதன்படி பெரும்பாலோரின் காலக்கெடு முடிந்துவிட்டது என்றது. மேல்முறையீடும் பலிக்கவில்லை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஐரோப்பாவில் சட்டங்கள் வந்தன. பிரான்ஸ் 2017-இல், உள்நாட்டில் 5,000 அல்லது உலகெங்கும் 10,000 ஊழியர் கொண்ட நிறுவனங்கள் தங்கள் வழங்குநர் சங்கிலியில் மனித உரிமை ஆபத்தைக் கண்டு தடுக்கும் திட்டம் வெளியிட வேண்டும் என்றது. ஜெர்மனியின் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பொது ஆணை ஒன்றை நிறைவேற்றி, மறுவருடமே அதன் கெடுவைத் தள்ளிவைத்தது.

கைமாற்றமும் அதன் பிறகும்

2018 மே மாதத்தில் உடன்படிக்கையின் முதல் ஐந்தாண்டு முடிந்தது. தொடர்ச்சி உடன்படிக்கை தயாராக இருந்தும், ஒரு தொழிற்சாலை தொடர்ந்த வழக்கில் டாக்கா உயர் நீதிமன்றம் அக்கார்டு அந்த நவம்பரோடு வெளியேற வேண்டும் என்றது. வெளிநாட்டார் வந்து எங்கள் தொழிற்சாலையை மூடச் சொல்வதா என்ற முதலாளிகளின் கோபத்துக்கு ஆதரவு பெருகியது. இறையாண்மை பற்றிய அந்தக் கேள்வி நியாயமானது. அரசின் ஆய்வுத் துறை வலுவாக இருந்திருந்தால் இந்த ஏற்பாடே தேவைப்பட்டிருக்காது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2020 ஜூன் 1 முதல் ஆர்எஸ்சி என்ற உள்நாட்டு அமைப்பு ஆய்வுப் பணியை ஏற்றது. அதன் குழுவில் முதலாளிகள் ஆறு, நிறுவனங்கள் ஆறு, சங்கங்கள் ஆறு. முன்பு இரு தரப்பு, இப்போது மூன்று. ஆய்வுக்கு உட்படுகிறவரும் முடிவெடுக்கும் இடத்தில் உட்காருகிறார். ஆய்வுகளுக்குப் பொறுப்பான தலைமைப் பாதுகாப்பு அதிகாரியின் சுதந்திரம் கண்காணிக்க வேண்டிய ஒன்றாயிற்று.

நிறுவனங்களைத் தனித்தனியாகக் கட்டிப்போடும் ஒப்பந்தம் இல்லாமல் ஆர்எஸ்சி மட்டும் போதாது என்று சங்கங்கள் உறுதியாக நின்றன. 2021 செப்டம்பர் 1 முதல் சர்வதேச உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. வேறு நாடுகளுக்கும் விரிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. அலி எண்டர்பிரைசஸ் எரிந்து பத்தாண்டு கழித்து, 2022 இறுதியில் பாகிஸ்தானுக்கான உடன்படிக்கை அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டுக்கும் இந்த வார்ப்பு வந்திருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளரே குற்றஞ்சாட்டப்பட்டார். பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், 2022 ஏப்ரலில் அந்தத் தொழிற்சாலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸோடு திண்டுக்கல் ஒப்பந்தம் செய்துகொண்டது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் நிறுவனங்கள் தனியாகக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. அந்த ஒப்பந்தப்படி 25 தொழிலாளிக்கு ஒருவர் வீதம் தளக் கண்காணிப்பாளராகப் பயிற்சி பெற்றார். பாலியல் தொல்லையைப் பதிவுசெய்யவும் நிறுத்தவும் அவருக்குப் பாதுகாப்பு இருந்தது. 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை அந்தத் தொழிற்சாலையின் சரக்கைத் தடுத்தது. இந்த ஒப்பந்தம் நடைமுறையில் இருப்பதைக் காட்டித்தான் செப்டம்பரில் அந்தத் தடை நீங்கியது. சாவாரின் உடன்படிக்கை தொடாத இடம் இது. அங்கே தூணும் கதவும் மட்டும்தான் பட்டியலில் இருந்தன. சங்கம் வைக்கும் உரிமையும் பெண்களின் பாதுகாப்பும் நேரடியாக இல்லை. 2016 டிசம்பரில் ஆஷுலியாவில் சம்பள உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்தவர்களைக் கைது செய்தபோது அக்கார்டின் விதிகளுக்குள் செய்யக்கூடியது குறைவாகவே இருந்தது.

இழப்பீட்டில் மட்டும் பழைய வழியே தொடர்கிறது. 2022 ஜூனில் பங்களாதேஷ் அரசு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஜெர்மனியின் உதவியோடு வேலைக்காயக் காப்பீட்டு முன்னோட்டம் தொடங்கியது. பணியில் இறந்தவர் குடும்பத்துக்கும் நிரந்தர ஊனமானவருக்கும், ஏற்கெனவே கிடைக்கும் ஒற்றைத் தொகையோடு 121-ஆவது உடன்பாட்டின் அளவுக்கு எட்டும்படி மாதந்தோறும் பணம் வருகிறது. சேர்ந்த ஆடை நிறுவனங்கள் தாங்கள் வாங்கும் ஏற்றுமதி மதிப்பில் 0.019 சதவீதம் செலுத்துகின்றன. ஆயிரம் டாலர் மதிப்புள்ள சட்டைகளுக்கு 19 சென்ட். சேருவதும் விலகுவதும் அவரவர் விருப்பம். முதலாளிகளின் பங்களிப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தால்தான் இது முன்னோட்டம் என்ற நிலையைத் தாண்டும்.